வாசிக்கக் கூடாத பெயர்

பொன்னிலிங்கம் கட்ட வேண்டியிருந்த கடன் ஒரு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய். பழைய லோடு ஆட்டோ ஒன்றுக்காக வீட்டுப் பட்டாவை அடகு வைத்து வாங்கினது. ஆட்டோ நாலு மாதம் ஓடியது. பிறகு தூத்துக்குடிக்குள் வெள்ளம் வந்தது. உப்புத்தண்ணீரில் ஊறிப்போன எஞ்சினை இரும்புக்கடைக்காரன் எடைபோட்டு எடுத்துக்கொண்டு போனான். ஆட்டோ போனது, கடன் போகவில்லை. பொன்னிலிங்கம் மறுபடியும் துறைமுகத்துக் கிட்டங்கியில் மூட்டை தூக்கப் போனான். அவன் பெண்டாட்டி சண்முகக்கனி உப்புப் பாக்கெட் போடுகிற வேலைக்குப் போனாள். ரெண்டு பேர் உழைப்பும் வட்டிக்கே காணவில்லை.

அந்த நேரத்தில்தான் கிருபாகரன் வந்தார். வாசலிலேயே ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து, தரையில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரை மிச்சம் வைக்காமல் குடித்தார். கடன் கேட்டு வந்தவர்களில் அப்படிச் செய்த ஆளை சண்முகக்கனி பார்த்ததில்லை.

"உங்க கடனை எங்க கம்பெனி வாங்கியாச்சு," என்றார். "இனிமே நீங்க பணமா எதுவும் கட்ட வேண்டாம். உங்க பேரை மட்டும் மூணு வருஷத்துக்கு எங்களுக்கு வாடகைக்குத் தாங்க."

பொன்னிலிங்கம் சிரித்தான். "எம் பேர வச்சு என்ன சார் செய்யப் போறீய? அந்தப் பேரச் சொல்லிக் கூப்புட்டா தெரு நாயிகூடத் திரும்பாது."

"அப்படிப்பட்ட பேருதான் சார் வேணும்."

மறுநாள் ரெண்டு பேரையும் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கம்பெனியைக் காட்டினார். ஊருக்கு வெளியே, ஜன்னலே இல்லாத கட்டடம். உள்ளே ஐஸ் பேக்டரி மாதிரிக் குளிர். ஆள் உயரத்துக்கு இரும்புப் பீரோக்கள் வரிசை வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் பச்சையும் நீலமுமாகச் சின்னச் சின்ன விளக்குகள் கண்ணடித்துக்கொண்டிருந்தன. சண்முகக்கனி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"இதெல்லாம் சர்வர். பேங்க், நகைக்கடை, கப்பல் கம்பெனி, ஆஸ்பத்திரி எல்லாத்தோட கணக்கும் ஆள் விவரமும் இதுக்குள்ளதான் இருக்கு. நாங்க காவல்."

"காவலுக்கு ஒரு ஆளயும் காணுமே சார்," என்றான் பொன்னிலிங்கம்.

"ஆள் நின்னு பிரயோசனம் இல்ல. இப்ப வர்ற திருடன் பூட்டை உடைக்க மாட்டான். சாவியோட வருவான். இங்க வேலை பாக்கிறவன் மாதிரியே வந்து, பாத்துட்டுப் போயிடுவான். நாளுக்குக் கோடி தடவை கதவு திறந்து மூடுது. அதுல எவன் திருடன்னு எப்படிப் பிடிக்கிறது? உங்க வீட்டுல எலி வந்தா என்ன செய்வீங்க? வழியில சாம்பலைத் தூவி வைப்பீங்க. காலையில தடம் இருக்கும். அதைத்தான் நாங்களும் செய்யிறோம். யாருக்கும் எந்த வேலையும் இல்லாத ஒரு பேரை உள்ள போட்டு வைப்போம். அந்தப் பேரை எவன் எடுத்து வாசிக்கிறானோ அவன் திருடன். வாசிச்ச நொடியில அலாரம் அடிக்கும். எல்லாம் தானா சாத்திக்கும்."

"அதுக்குப் பொய்யா ஒரு பேரப் போட வேண்டியதான?"

"போட்டுப் பாத்தோம். திருடங்களோட மெஷின் மோப்பம் பிடிச்சிருது. காய்ச்சல் வராத பேரு, போனுக்குப் பணம் போடாத பேரு, பொண்டாட்டிகூடச் சண்டை போடாத பேரு எல்லாம் பொய்ப்பேருன்னு அதுக்குத் தெரியுது. அதனால உயிரோட இருக்கிற ஆளோட பேரு வேணும். அதுவும் கொஞ்சம் கொழுத்த பேரா இருக்கணும். கொழுக்க வைக்கிறது எங்க வேலை. அதை வாங்குச்சு, இதைச் சாப்பிட்டுச்சுன்னு நாங்க எழுதிக்கிட்டே இருப்போம். எழுதுறது நாங்க மட்டும். வாசிக்கிறது யாருமே கிடையாது."

சண்முகக்கனிக்கு ஒரு சந்தேகம். "அப்ப இவிய ரேஷன் வாங்கப் போனா?"

"அங்க பேரை வாசிப்பாங்கல்லம்மா. போகக் கூடாது. பேங்க், ஆஸ்பத்திரி, ரேஷன், எதுவும் கூடாது. நம்மளால ஒரு தடவை அலாரம் அடிச்சா அத்தனை கம்பெனியும் ஒரு நாள் முடங்கும். அந்த நஷ்டத்துக்குப் பத்து லட்சம் உங்க தலையில விழும், வீடும் போகும். மூணு வருஷம் சும்மா இருந்தீங்கன்னா கடன் தீந்துரும், பட்டா கைக்கு வந்துரும். சும்மா இருக்கிறதுக்கு எவன் சார் சம்பளம் குடுப்பான்?"

பொன்னிலிங்கம் கையெழுத்துப் போட்டான்.

அவன் பெயரோடு ஒட்டியிருந்த எல்லாவற்றையும் கம்பெனிக்காரர்கள் கத்தரித்தார்கள். ரேஷன் கார்டு சண்முகக்கனி பேருக்கு மட்டும் என்று மாறியது. புருஷன் விட்டுப்போனவள் என்று அதில் போட்டிருந்தது. கடைக்காரன் அதை வாசித்துவிட்டு, "எப்பக்கா ஓடுனாரு? நேத்துகூட டீக்கடையில பாத்தேனே," என்றான். வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். சண்முகக்கனி அரிசியை வாங்கிக்கொண்டு வந்தாள்.

வேலைக்கு மட்டும் தடையில்லை. துறைமுகத்துச் சுமைக்காரர்களுக்குப் பெயர் தேவையில்லை, வில்லை போதும். நம்பர் போட்ட பித்தளை வில்லை ஆளுக்கு ஒன்று. கூலி அந்த நம்பருக்குத்தான். ஒருத்தன் படுத்துவிட்டால் கூட்டாளி ஒருத்தன் அவன் வில்லையைக் குத்திக்கொண்டு அவனுக்கும் சேர்த்துத் தூக்குவான். கூலி படுத்தவன் வீட்டுக்குப் போகும். இதற்கு வில்லைக்கு நிற்பது என்று பேர். மேஸ்திரிக்குத் தெரியும், கேட்க மாட்டார். பொன்னிலிங்கத்துக்கு அப்படிக் கூட்டாளி ராயப்பன்.

முதல் வருஷம் எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. அவன் பேரில் எழுதப்படுகிறதெல்லாம் அவன் போனுக்கு மெசேஜாக வந்துகொண்டிருந்தது. வேலை முடிந்து வந்ததும் வாசித்துக் காட்டுவான்.

"ஏட்டி கனி, மத்தியானம் நான் என்ன தின்னேன் சொல்லு."

"பழைய சோறுல்லா கொண்டுபோனிய."

"போடி. மட்டன் பிரியாணி. அறுநூத்தி இருவது ரூவா. சர்வருக்கு டிப்ஸு வேற குடுத்திருக்கேன்."

"தனியாவா தின்னிய?"

அவன் போனை உற்றுப் பார்த்தான். "ரெண்டு பேருக்குன்னு போட்டிருக்கு."

"ஆரு அவ?" என்று கரண்டியோடு எழுந்து வந்தாள் சண்முகக்கனி. ரெண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

அந்தப் பெயர் ஃபிரிட்ஜ் வாங்கியது. கொடைக்கானலுக்குப் போய் மூன்று நாள் தங்கியது. பத்து லட்சத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுத்தது. ரெண்டாவது வருஷம் பொன்னிலிங்கத்துக்குக் கடைவாய்ப் பல் சொத்தையாகி முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. ஊரில் எந்தப் பல் டாக்டரும் பேரைக் கேட்டு மெஷினில் பார்க்காமல் வாயைத் திறக்கச் சொல்வதில்லை. கடைசியில் கிட்டங்கிக்குப் பின்னால் ராயப்பன் அவன் தலையைத் தன் தொடையில் அமுக்கி வைத்துக்கொண்டு குறடால் பிடுங்கினான். பல் பாதியில் உடைந்தது. மீதியைத் தோண்டி எடுத்தார்கள். வாய் நிறைய ரத்தத்தோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது போன் கிணுகிணுத்தது. பற்களைச் சுத்தம் செய்துகொள்ள எங்களிடம் வந்ததற்கு நன்றி, ஆறு மாதம் கழித்து மறுபடி வாருங்கள் என்று இருந்தது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் மெசேஜ் எதையும் வாசித்துக் காட்டவில்லை.

மூன்றாவது வருஷம் முடிய ஒரு மாதம்தான் இருந்தது. மழைத்தண்ணீர் தேங்கின கிட்டங்கியில் வெறுங்காலோடு வேலை பார்த்துவிட்டு வந்தவனுக்குக் காய்ச்சல் கண்டது. கஷாயம் கொடுத்தாள், கேட்கவில்லை. கடையில் சொல்லி மாத்திரை வாங்கிக் கொடுத்தாள், அதுவும் கேட்கவில்லை. கண் ரெண்டும் மஞ்சள் பூத்தன. மூத்திரம் காப்பி நிறத்தில் போனது. ராயப்பன் வந்து பார்த்துவிட்டு வெளியே வந்தான்.

"தங்கச்சி, இது எலிக்காய்ச்சலு. போன மழையில கீழத்தெருக்காரன் ஒருத்தன் இதுலதான் போனான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருவோம்."

"பேரு கேப்பாவளே அண்ணே. ஒரு மாசம் பொறுத்தா எல்லாம் முடிஞ்சுரும்னு இவிய வர மாட்டேங்காவ."

"ஒரு மாசமா? ரெண்டு நாளு தாங்க மாட்டான். நான் என்னத்துக்கு இருக்கேன்?" ராயப்பன் தன் சட்டையிலிருந்து வில்லையைக் கழற்றினான். "எம் பேருல படுக்கட்டும். ஆயிரம் மூட்டை அவன் வில்லையில நான் தூக்கியிருக்கேன், எம் வில்லையில அவன் தூக்கியிருக்கான். ஒரு கட்டிலுதான."

சுமைக்காரர்களுக்கென்று ஒரு டிரஸ்ட் நடத்துகிற ஆஸ்பத்திரி துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. மூட்டை தூக்கி ரேகை அழிந்த விரல்களை எந்த மெஷினும் ஏற்றுக்கொள்ளாததால் அங்கேயும் வில்லை நம்பர்தான் செல்லும். ராயப்பனின் வில்லையைச் சட்டையில் குத்திக்கொண்டு பொன்னிலிங்கம் உள்ளே போனான். கட்டில் கிடைத்தது. பெரிய டாக்டர் வந்து கண்ணை இழுத்துப் பார்த்து ஒரு ஊசியை எழுதிவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். சண்முகக்கனிக்கு உயிர் வந்தது மாதிரி இருந்தது.

வார்டில் இருந்த நர்ஸ் பெயர் ஜெபமலர். சாத்தான்குளம் பக்கத்துப் பெண், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. சுவரில் கண்ணாடிக் கதவு போட்ட மருந்து அலமாரி இருந்தது. நோயாளியின் நம்பரை அடித்தால் அது தானே பார்த்து, தானே திறந்து, அந்த மருந்தை மட்டும் வெளியே தள்ளும். ஜெபமலர் அடித்தாள். அலமாரி திறக்கவில்லை. மறுபடி அடித்தாள். திரையில் சிவப்பாக எழுத்து வந்தது.

"அக்கா, இந்த ஊசி இவருக்கு ஆகாதாமே. முந்தி ஒருதடவ போட்டு மூச்சடச்சு செத்துப் பொழச்சிருக்காருன்னு இருக்கு. ஏன் டாக்டர்ட்டச் சொல்லல?"

"ஆகாதுன்னு ஆரு சொன்னா? கால்ல ஆணி குத்துனப்ப இதத்தான போட்டாவ. மறுநாளே மூட்டை தூக்கப் போயிட்டாவளே," என்றாள் சண்முகக்கனி. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள். மூச்சடைத்துச் செத்துப் பிழைத்தவன் ராயப்பன்.

ஜெபமலர் அவளையே பார்த்தாள். கட்டிலில் கிடந்தவனைப் பார்த்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, பொய் சொன்னா கடைசி வரைக்கும் ஒழுங்காச் சொல்லத் தெரியணும். எங்க அப்பாவும் சுமைக்காரருதான். வில்லைக்கு நிக்கிறதெல்லாம் எனக்கும் தெரியும். சொல்லுங்க, இவரு யாரு?"

சண்முகக்கனி புருஷன் சட்டையில் குத்தியிருந்த வில்லையைக் கையால் மறைத்தாள்.

"நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா இந்த ஊசி இன்னைக்குப் போட்டாகணும், அக்கா. கிட்னி ரெண்டும் நிக்கப் போவுது. வெளிய எந்தக் கடையிலயும் இது கெடைக்காது. பேரில்லாத ஆளுன்னு போட்டாப் போலீஸு வந்து பாத்து எழுதின பெறவுதான் அலமாரி தெறக்கும். அது நாளைக்கு ஆவும். நெசப் பேரச் சொன்னியன்னா அந்தப் பேருக்கு இது ஆகும்னு அலமாரியே பாத்துத் தெறந்துரும்."

"பேரு எழுதிருவியளே அம்மா."

"எழுத மாட்டேன். எதையும் மாத்த மாட்டேன். சும்மா எடுத்து வாசிச்சிட்டு மூடிருவேன். வாசிச்சா யாருக்குத் தெரியப் போவுது?"

சண்முகக்கனிக்கு அந்தக் குளிர் அறை ஞாபகத்துக்கு வந்தது. எழுதுவதற்கு அங்கே ஒரு தடையும் இல்லை. வாசிப்பதுதான் திருட்டு. அவள் புருஷன் பக்கம் குனிந்தாள். அவனுக்கு நினைவு இருந்தது, பேசினதெல்லாம் காதில் விழுந்திருந்தது. கொதிக்கிற கையைத் தூக்கி அவள் வாயைப் பொத்தினான்.

"வேண்டாம் கனி. ஒரு மாசந்தான்."

"நீங்க போயிட்டா வீட்ட வச்சு நான் என்ன செய்ய?" என்று அவன் விரல்களுக்கிடையே கேட்டாள்.

"வீடு இல்லாம என்ன செய்வ?"

அவன் கையை எடுக்கவில்லை. ஜெபமலர் எழுந்துபோய் வேறு கட்டிலுக்குத் தண்ணீர் ஏற்றிவிட்டு வந்தாள். திரும்ப வந்தபோதும் அந்தக் கை சண்முகக்கனியின் வாயில்தான் இருந்தது. வெயில் ஜன்னலைத் தாண்டிக் கட்டிலின் காலுக்கு வந்தது. அவன் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. கண் மேலே செருகியது. கை தானாக நழுவி விழுந்தது.

சண்முகக்கனி நர்ஸின் காதில் அவன் பேரைச் சொன்னாள். அப்பா பேரையும் பிறந்த வருஷத்தையும் சொன்னாள். அந்தப் பேரை வாசிப்பவர் திருடர் என்பதும் நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொன்னால் இந்தப் பிள்ளை வாசிக்காது. அலாரம் அடிக்கும், அடிக்கட்டும். கதவு சாத்துவதற்குள் ஒரு ஊசியை எடுத்துவிட மாட்டாளா என்று அவள் கணக்குப் போட்டாள். அதனால் அதை மட்டும் விழுங்கினாள்.

ஜெபமலர் பேரை அடித்தாள். திரையில் வந்ததை வாசித்தாள். அவள் புருவம் சுருங்கியது.

"அக்கா, பத்து லட்சத்துக்கு இன்சூரன்ஸ் வச்சுக்கிட்டா இந்தக் கட்டிலுல வந்து படுத்திருக்காரு?"

ஆஸ்பத்திரி முழுக்க ஒரு ஊளைச் சத்தம் கேட்டது. திரை கறுத்தது. வார்டின் இரும்புக் கதவு சாத்திக்கொண்டது. மாடிக்கு லிஃப்டில் போய்க்கொண்டிருந்தவர்கள் பாதியில் நின்று கத்தினார்கள். மருந்து அலமாரி ஒருதரம் உறுமிவிட்டுக் கண்ணாடிக்கு உள்ளே ரெண்டாவது பூட்டைப் போட்டுக்கொண்டது.

"என்னக்கா இது? என்ன செஞ்சேன் நான்?"

"பூட்ட ஒடைங்கம்மா," என்று கத்தினாள் சண்முகக்கனி. "சீக்கிரம் ஒடைங்க!"

அந்த ஊசி மருந்து ரெண்டாவது தட்டில் தெரிந்தது. சின்னக் குப்பி, நீல மூடி. ஜெபமலர் குளுக்கோஸ் பாட்டில் மாட்டுகிற இரும்புக் கம்பியைப் பிடுங்கி அடித்தாள். கம்பி வளைந்தது, கண்ணாடியில் கீறல்கூட விழவில்லை. சண்முகக்கனி ஸ்டூலைத் தூக்கி அடித்தாள். பக்கத்துக் கட்டில் கிழவர் எழுந்துவந்து செருப்பால் அடித்தார். போனில் யாரையோ கூப்பிட்டு ஜெபமலர் அழுதாள். சென்னையிலிருந்து ஒரு அதிகாரி பார்த்து, திருடன் வெளியேறிவிட்டான் என்று உறுதி செய்கிற வரைக்கும் எதுவும் திறக்காது என்று அந்தப் பக்கத்தில் சொன்னார்கள். உள்ளே ஒரு ஆள் சாகக் கிடக்கிறார் என்றாள். குரல் மாறாமல் அதையே திரும்பச் சொன்னார்கள்.

பொன்னிலிங்கம் சாயங்காலம் செத்துப்போனான். அதற்குப் பிறகுதான் விளக்குகள் பச்சைக்கு மாறின. அலமாரிக் கதவு மெதுவாகத் திறந்து, கேட்ட மருந்தை வெளியே தள்ளியது.

மறுநாள் காலையில் கிருபாகரன் ஆஸ்பத்திரி ஆபீஸ் ரூமில் உட்கார்ந்திருந்தார். சண்முகக்கனியைக் கண்டதும் எழுந்து நின்று, அவள் உட்காருகிற வரைக்கும் உட்காரவில்லை.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா. நல்ல மனுஷன்."

"வீட்ட எடுத்துக்கிடுங்க," என்றாள் அவள். "பாடிய மட்டும் தாங்க. பத்து லட்சத்துக்கு எங்கிட்ட ஒண்ணும் கெடையாது."

"அவசரப்படாதீங்க. பேச்சுல சொல்லாம விட்டுப்போன ஒரு ஷரத்து இருக்கு. கடைசிப் பக்கத்துல சின்ன எழுத்துல இருக்கும், யாரும் வாசிக்கிறதில்ல. வாடகைக்கு விட்ட பேரால ஒரு திருடன் பிடிபட்டா, அன்னைக்கே மொத்தக் கடனும் தள்ளுபடி. நேத்துப் பிடிபட்டிருக்கு."

"ஆரு?"

"அந்த நர்ஸு."

சண்முகக்கனிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினதும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் புள்ள திருடியா? இவியளப் பொழைக்க வைக்கணும்னுல்லா..."

"எதுக்குன்னு மெஷின் கேக்காதும்மா. வாசிச்சது யாருன்னுதான் கேக்கும். நீங்க பேரைச் சொல்லி அவங்க வாசிச்சிருந்தா அது திருட்டு இல்ல, நீங்க ஒப்பந்தத்தை மீறினது ஆகும். பத்து லட்சம், வீடு, ஆள் மாறாட்டத்துக்குக் கேஸு, அந்த ராயப்பனும் சேந்து உள்ள போவாரு. நீங்க பேரைச் சொல்லவே இல்லன்னா, ராயப்பன்னு தப்பா ஏத்தினதும் அவங்க, பேரை உள்ள புகுந்து எடுத்ததும் அவங்க. எல்லாம் ஒரே ஆள்மேல போயிரும். ஃபைல் சுத்தமா இருக்கும்." அவர் குரலில் மிரட்டலே இல்லை. கல்யாணத்துக்கு நாள் குறிக்கிறவர் மாதிரி நிதானமாகச் சொன்னார். "எதைச் சொல்லணும்னு நான் சொல்ல மாட்டேன். நடந்ததைச் சொல்லுங்க."

வெளியே வராந்தாவில் ராயப்பன் நின்றிருந்தான். அவள் எழுந்து கதவுப் பக்கம் போனாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னான். "தங்கச்சி, நான் செஞ்சது தப்புன்னே வையி. ஆனா எனக்கும் மூணு பொம்பளப்புள்ள இருக்கு."

ஜெபமலரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நேற்றுப் போட்டிருந்த அதே யூனிஃபார்ம். இரும்புக் கம்பி கிழித்த உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது. கூட ஒரு எஸ்.ஐ. இருந்தார்.

"சார், இதோ இவங்கதான். இவங்ககிட்டயே கேளுங்க," என்றாள் ஜெபமலர். சண்முகக்கனியைக் கண்டதில் அவள் முகம் தெளிந்துவிட்டது. "அக்கா, நேத்துலருந்து சொல்லுதேன், ஒருத்தரும் நம்ப மாட்டேங்காங்க. நீங்க சொல்லுங்கக்கா, நீங்கதான எங்கிட்ட அந்தப் பேரச் சொன்னிய?"

எஸ்.ஐ. பேனாவைத் திறந்தார். "என்னம்மா? நீங்க சொன்னீங்களா?"

புருஷன் பொத்தின இடத்தில் உதடு இன்னும் சுட்டுக்கொண்டிருப்பது மாதிரி இருந்தது. மூன்று வருஷம் அவன் போகாத ஆஸ்பத்திரி, குறடால் பிடுங்கின பல், கட்டிலில் கிடந்துகொண்டு ஒரு மாதந்தான் என்று அவன் கெஞ்சினது எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. சொன்னால் அவன் பட்டதெல்லாம் வீண். வீண் போகக் கூடாது என்று ஒரு பக்கம் நினைத்தாள். இன்னொரு பக்கம் ஒன்றும் நினைக்கவில்லை. ராத்திரி எங்கே படுப்பது என்பது மட்டும்தான் இருந்தது.

"நான் சொல்லல," என்றாள்.

"அக்கா!"

"இவிய ஆருன்னே எனக்குத் தெரியாது. ஊசி போடுத நர்ஸுன்னுதான் தெரியும்."

ஜெபமலர் கத்தவில்லை. ஏதோ பாஷை தெரியாத ஊரில் வந்து இறங்கினவள் மாதிரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். சண்முகக்கனியின் முகத்துக்கு வந்ததும் அங்கேயே நின்றுவிட்டாள். எஸ்.ஐ. கையைத் தொட்டு அழைத்தபோதுதான் நகர்ந்தாள்.

கிருபாகரன் காகிதத்தை எடுத்து வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். பெயரை யாருக்கும் சொல்லவில்லை என்று அதில் இருந்தது. சண்முகக்கனி எழுத்தெழுத்தாகப் போட்டு முடித்தாள். கடன் பத்திரத்தின் மேல் குறுக்காகத் தள்ளுபடி என்று எழுதி, சீல் வைத்து, பட்டாவைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ரெண்டு கையாலும் நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டு எழுந்தாள். போகவில்லை. "அந்தப் புள்ளய என்ன செய்வாவ?"

"ஜெயிலுக்கெல்லாம் விட மாட்டோம்மா. நேத்து நஷ்டம் பூரா அவங்க பேருல அபராதமா வரும். முப்பது லட்சத்துக்குக் குறையாது. கட்ட முடியாது. அடுத்த வாரம் நானே அவங்க வீட்டுக்குப் போய்ப் பேசுவேன்." அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "சின்ன வயசு. நோய்நொடி கிடையாது. நாப்பது வருஷம் ஓடுற பேரு. இப்படி ஒரு பேரு கிடைக்கிறது கஷ்டம்."

வராந்தாவில் ராயப்பனும் நாலு சுமைக்காரர்களும் பாடியைத் தூக்கத் தயாராக நின்றார்கள். அவள் கையிலிருந்த உறையை ராயப்பன் பார்த்தான்.

"குடுத்துட்டானா தங்கச்சி?"

"குடுத்துட்டான்."

"அப்ப கடன்?"

ஆஸ்பத்திரி வாசலில் ஜெபமலரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். படி உயரமாக இருந்ததால் அவளால் ஏற முடியவில்லை. ஒரு போலீஸ்காரர் பின்னாலிருந்து தள்ளி ஏற்றினார். சண்முகக்கனி முகத்தைத் திருப்பிக்கொண்டு பட்டாவை ஜாக்கெட்டுக்குள் செருகினாள்.

"ஒரு பைசா பாக்கி இல்லண்ணே," என்றாள். "தூக்குங்க, வெயில் ஏறுது."